மின்வழிப் பணமும் முஸ்லிம் மக்களின் சமயப்பற்றும்

சமயப்பற்று மிக்கவர் புதுமையை எளிதில் ஏற்கமாட்டார் என்பது பலர் மனத்தில் ஆழ வேரூன்றிவிட்ட எண்ணம். அச்சுப்பொறி வந்தபோதும் ஒலிபெருக்கி வந்தபோதும் இவ்வாறே சொல்லப்பட்டது. இன்று அட்டை வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் பணம் செலுத்தும் வழக்கம் உலகெங்கும் பரவிவருகின்றது. அதனுடன் முஸ்லிம் மக்களைக் குறித்து அந்தப் பழைய பேச்சும் மீண்டும் தலையெடுத்திருக்கின்றது. மார்க்கப் பற்றுள்ள ஒருவர் மின்வழிப் பணத்தை ஏற்பாரா, மறுப்பாரா என்று பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிகளும் நடைபெறுகின்றன. வினா நல்ல வினாவே. எனினும், சமயப்பற்றை ஓர் அணையாகவும் புதுமையைப் பெருவெள்ளமாகவும் எண்ணிக்கொண்டு, அணை தாங்குமா உடையுமா என்று பார்ப்போருக்கு விடை கிட்டாது. பற்றுள்ளவர் வாயிலில் நின்று கேள்வி கேட்கின்றார். தக்க மறுமொழி கிடைத்தால் உள்ளே செல்கின்றார், கிடையாவிடின் நின்றுவிடுகின்றார்.

இதனை ஆராய்வதற்கு இந்தோனேசியா மிகவும் தகுந்த நாடு. 20 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அங்கு வாழ்கின்றனர். கைத்தொலைபேசி வழிப் பணமும் அந்நாட்டில் விரைந்து பரவியுள்ளது. இலங்கை நேயர்களுக்கு இந்நாடு முற்றிலும் அந்நியமானதும் அன்று. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் இங்கு வந்தோரின் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர். மேலும், இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபே இந்தோனேசியாவிலும் பெருவழக்காயுள்ளது. ஆதலின் அங்குள்ள உலமாக்கள் எழுப்பிய ஐயங்கள் இங்குள்ளோர்க்கும் எளிதில் விளங்கும்.

முதலில் இந்த மின்வழிப் பணம் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒருவர் ஒரு நிறுவனத்திடம் நூறாயிரம் ரூபியாவைக் கொடுக்கின்றார். நிறுவனம் அத்தொகையை அவர் பெயரில் எழுதி, அவருடைய அட்டையிலோ தொலைபேசியிலோ காட்டுகின்றது. அவர் கடைக்குச் சென்று பொருள் வாங்கும்போது, அவர் பெயரிலுள்ள தொகை குறைந்து கடைக்காரரின் கணக்கு உயர்கின்றது. தாளும் நாணயமும் கைமாறுவதில்லை. இவ்வளவும் எளிது. ஆனால் கொடுத்த நாளுக்கும் செலவிட்ட நாளுக்கும் இடையில் அந்த நூறாயிரம் ரூபியா எங்கே இருந்தது? யாருடையதாக இருந்தது? அது கடனா, அமானிதமா? பொதுவாக மக்கள் இக்கேள்வியை எழுப்புவதில்லை. மார்க்கப் பற்றுள்ளவரோ இதனையே முதலிற் கேட்பார். ஏனெனில் கடனுக்குரிய சட்டம் வேறு. பிறர் பொருளைப் பாதுகாத்துத் தரும் அமானிதத்திற்குரிய சட்டம் வேறு.

இத்தகைய கேள்வி இந்நூற்றாண்டில் முளைத்ததன்று. காகிதப் பணம் பரவத் தொடங்கியபோதும் உலமாக்களிடையே விவாதம் எழுந்தது. வெள்ளிக்கும் பொன்னுக்கும் உரிய ஸகாத் இந்தத் தாளுக்கும் உண்டா, இத்தாளை ஒன்றுக்கொன்று மாற்றும்போது வட்டி பற்றிய விதிகள் பொருந்துமா என்று அவர்கள் ஆராய்ந்தனர். சுமாத்திராவின் மினங்கபாவு நாட்டிற் பிறந்து, மக்கா நகரின் பெரும்பள்ளிவாசலில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாய் விளங்கி 1916இல் மறைந்த அஹ்மத் கத்தீப் என்னும் அறிஞர் இப்பொருள் பற்றித் தனியே எழுதியுள்ளார். விவாதம் ஓய்ந்தது; தாள் நிலைத்தது. இன்று பள்ளிவாசல் உண்டியலில் தாள் நாணயம் இடுவோர் எவரும் அதனை ஒரு புதுமையாக எண்ணுவதில்லை.

அண்டை நாடாகிய மலேசியாவில் நிகழ்ந்த வேறொரு செய்தி இன்னும் பொருத்தமானது. மலாயக் கிராமத்தார் ஹஜ் யாத்திரைக்கென்று பல்லாண்டுகள் பணம் சேர்ப்பர். வட்டி கலந்துவிடும் என்ற அச்சத்தால் அதனை வங்கியில் இடமாட்டார். தலையணைக்கடியிலும் வீட்டின் மூலைகளிலும் மறைத்து வைப்பர். அல்லது ஆடு மாடும் நிலமும் வாங்கி, புறப்படும் காலத்தில் விற்பர். பணம் திருடுபோவதும் உண்டு. விற்கும் நேரத்தில் விலை வீழ்வதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்க்கு இது அறியாமையாகத் தோன்றிற்று. பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் அவ்வாறு கருதவில்லை. 1959இல் அவர் ஒரு திட்டத்தை வரைந்து அரசிடம் அளித்தார். வட்டியின்றிச் சேமிப்பதற்கு ஒரு நிலையம் வேண்டும், அங்குள்ள பணம் ஆகுமான தொழில்களில் மட்டும் முதலிடப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. 1963இல் அந்நிலையம் தொழிற்படத் தொடங்கிற்று. இன்று தாபுங் ஹாஜி என்னும் பெயருடன் பல இலட்சம் மக்களின் சேமிப்பை அது வைத்திருக்கின்றது. வங்கி வாயிலை மிதிக்காத அதே மக்களே அங்கு வந்து பணத்தை ஒப்படைத்தனர். அவர்களுடைய சமயப்பற்று இடையிற் குறைந்துவிடவில்லை. அவர்களுடைய கேள்விக்கு ஒருவர் மறுமொழி சொன்னார்.

இனி இந்தோனேசியாவுக்குத் திரும்புவோம். வங்கி வட்டியைப் பற்றி அங்குள்ள உலமாக்கள் எல்லோரும் எக்காலத்தும் ஒரே கருத்துடையவராய் இருந்தாரல்லர். 1926இல் தோன்றிய நஹ்ழத்துல் உலமா என்னும் பேரியக்கத்தின் அறிஞர்கள் 1992இல் லம்புங் நகரிற் கூடியபோது, வட்டி ஹராம் என்போர், ஆகும் என்போர், ஐயத்துக்குரியது என்போர் என மூவகையினர் இருந்தனர். மூன்று கருத்துகளும் பதிவு செய்யப்பட்டன. வட்டியில்லா வங்கியாகிய பாங்க் முஆமலாத் தொழிற்படத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பின்னர் இந்தோனேசிய உலமா சபை, வங்கி வட்டி ஹராம் என 2004இல் தீர்ப்புரைத்தது. இத்தீர்ப்புக்குப் பின்னும் பெரும்பான்மை மக்கள் பழைய வங்கிகளிலேயே கணக்கு வைத்திருந்தனர் என்பதையும் சொல்லியாகவேண்டும். நெறி ஒன்றாகவும் வசதி வேறொன்றாகவும் இருக்குமிடத்து மனிதர் எங்கும் அவ்வாறே நடக்கின்றனர்.

மின்வழிப் பணத்தைப் பற்றிய பெருவாதம் எழுந்தது வட்டியின் பெயரால் அன்று, தள்ளுபடியின் பெயரால் என்பது சுவையான செய்தி. கோஜெக் என்பது மோட்டார் சைக்கிளில் ஆட்களை ஏற்றிச்செல்லும் தொழிலைத் தொலைபேசி வழியாக ஒழுங்குபடுத்திய நிறுவனம். அது கோபே என்னும் மின்பணப்பையை 2016இல் கொண்டுவந்தது. அப்பையிலிருந்து கட்டணம் செலுத்துவோர்க்குச் சலுகை அளித்தது. ஒரு பயணத்துக்குக் கையிற் கொடுத்தால் பன்னீராயிரம் ரூபியா, பையிலிருந்து செலுத்தினால் பத்தாயிரம் ரூபியா என்று வைத்துக்கொள்வோம். மக்கள் மகிழ்ந்தனர். சில மார்க்க அறிஞர்களோ தடுத்தனர். அவர்களுடைய வாதம் இது: பையிலுள்ள பணத்தை நிறுவனம் தன் விருப்பப்படி கையாள்கின்றது, கேட்டபோது அதே அளவைத் தருவதாகப் பொறுப்பேற்கின்றது, எனவே பெயர் எதுவாயினும் அது கடன். கடன் கொடுத்தவர், கடன் கொடுத்த காரணத்தால் ஒரு நலனைப் பெறுவாராயின் அந்நலன் வட்டியாகும் என்பது பிக்ஹு நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. ஆகவே இரண்டாயிரம் ரூபியாத் தள்ளுபடி வட்டியே.

மறுதரப்பினர் இதனை ஏற்கவில்லை. ஒருவர் பையில் பணம் இடுவது கடன் கொடுக்கும் எண்ணத்தால் அன்று. நாளை ஏறப்போகும் வண்டிக்கு இன்றே கூலி கொடுத்து வைப்பது போன்றதே அது என்றனர் சிலர். முன்கூட்டிக் கூலி தருபவர்க்குக் குறைத்து வாங்குவது வணிகரின் உரிமை; அதில் வட்டிக்கு இடமில்லை. தள்ளுபடி என்பது நிறுவனம் தன் வாணிகத்தை வளர்ப்பதற்காக வழங்கும் அன்பளிப்பே என்றனர் வேறு சிலர். இரு தரப்பிலும் கற்றவர்களே இருந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் நன்று. இவ்வாதத்தில் ஈடுபட்ட இரு தரப்பாருமே தொலைபேசியையோ மின்பொறியையோ குறைகூறவில்லை. சலுகையை மறுத்தவர்கூட, தள்ளுபடி பெறாது மின்வழியாகச் செலுத்துவதைத் தனியே பிரித்துப் பேசக்கூடியவராயிருந்தார். பொறி வெறும் கருவி. அதனூடாகச் செய்துகொள்ளப்படும் உடன்படிக்கையே ஆராய்வுக்குரியது. பற்றுள்ளவர் புதுமைக்கு அஞ்சுகின்றார் என்று எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகின்றனர்.

வாதம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, உலமா சபையின் கிளையாகிய தேசிய ஷரீஆ சபை 2017 செப்டெம்பரில் மின்பணம் பற்றிய தன் பத்வாவை வெளியிட்டது. அதன் எண் 116. மின்பணம் ஆகும் என்று அது பொதுவாகச் சொல்லிவிட்டு, அதற்குரிய நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வகுத்தது. பணம் இடுபவர்க்கும் வெளியிடும் நிறுவனத்துக்கும் உள்ள உறவு அமானிதமாகவோ கடனாகவோ இருக்கலாம். எது என்பது தெளிவாயிருத்தல் வேண்டும். கடைக்காரருடனும் இடைத்தரகருடனும் செய்யும் ஒப்பந்தங்கள் கூலி, முகவாண்மை முதலிய அறியப்பட்ட வடிவங்களில் அமைதல் வேண்டும். மக்கள் இட்ட தொகை ஷரீஆ வங்கியிலேயே வைக்கப்படல் வேண்டும். வட்டி, சூது, ஏமாற்று, மயக்கந்தரும் ஒப்பந்தம், கையூட்டு, வீண்விரயம் ஆகியவை விலக்கப்படல் வேண்டும்.

இவற்றுள் ஒரு விதி தனியே எடுத்துச் சொல்லத்தக்கது. பணம் ஏற்றப்பட்ட அட்டை தொலைந்துபோனாலும், நிறுவனத்திடம் உள்ள அத்தொகை தொலைந்ததாகாது என்கின்றது பத்வா. பெயர் எழுதப்படாத சுங்கச்சாலை அட்டையும் பேருந்து அட்டையும் தொலைந்தால் அதிலுள்ள பணமும் போயிற்று என்பதே நடைமுறையில் மக்கள் கண்ட அனுபவம். அட்டையைக் கைதவறவிட்டவர் தம் கவனக்குறைவை நொந்துகொண்டு சென்றுவிடுவர். அப்பணம் அமானிதம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அதில் ஓர் அநீதி தெரிந்தது. பாதுகாக்கக் கொடுத்த பொருளின் அடையாளச் சீட்டு தொலைந்தால், பொருளைப் பாதுகாவலர் எடுத்துக்கொள்ளலாமா? நுகர்வோர் நலம் பேசும் சட்டவல்லுநர் முன்வைத்திருக்க வேண்டிய கேள்வியை உலமாக்கள் முன்வைத்தனர். பத்வாவின் பிற பகுதிகளைக் குறித்து எவர் என்ன கருதினும், இவ்வொரு விதிக்காகவே அது பாராட்டத்தக்கது.

இவ்விதிகளுக்கேற்ப, அரசுத்துறை நிறுவனங்களின் கூட்டாகிய லிங்க்அஜா 2020இல் ஷரீஆ முறையிலான மின்பணப்பை ஒன்றைத் தொடங்கிற்று. பொது மின்பணப்பையை வைத்திருப்பவர், பதிவு செய்து ஷரீஆ முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

இனி ஆராய்ச்சியாளர் பக்கம் சிறிது பார்ப்போம். புதிய கருவியை மனிதர் ஏன் ஏற்கின்றனர் என்பதற்கு அமெரிக்க அறிஞர் பிரெட் டேவிஸ் 1989இல் ஒரு விளக்கம் தந்தார். இக்கருவியாற் பயனுண்டு என்ற எண்ணமும், இதனைக் கையாள்வது எளிது என்ற எண்ணமும் இருந்தால் ஏற்பர் என்பது அதன் சாரம். முஸ்லிம் நாடுகளில் ஆராய்வோர் இவ்விரண்டுடன் சமயப்பற்றையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்கின்றனர். சமயப்பற்றை அளப்பது எங்ஙனம்? ஆல்போர்ட், ரோஸ் என்னும் இருவர் 1967இல் இரு வகைப் பற்றைப் பிரித்துக் காட்டினர். சமயத்தைத் தம் நலனுக்கும் நற்பெயருக்கும் பயன்படுத்துவோர் ஒருவகை. சமயத்தை வாழ்வாகவே கொண்டோர் மற்றொருவகை. கிறிஸ்தவ ஆலயங்களுக்குச் செல்வோரிடையே உருவாக்கிய இந்த அளவுகோலைப் பள்ளிவாசலுக்குச் செல்வோர்க்கும் சிறிது மாற்றிப் பயன்படுத்துகின்றனர்.

ஆராய்ச்சிகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சமயப்பற்று நேரே தூண்டுகின்றது என்று சிலரும், நேரே ஒன்றும் செய்வதில்லை, நம்பிக்கை என்னும் பாலத்தின் வழியாகவே செயற்படுகின்றது என்று சிலரும் காண்கின்றனர். இதில் வியப்பில்லை. ஐவேளை தொழுகின்றீரா, மார்க்க விதிகளைப் பேணுகின்றீரா என்று தாளில் அச்சிட்டுக் கேட்டால், மக்கள் தம்மை உயர்வாகவே குறித்துக்கொள்வர். எல்லோரும் உயர்ந்த எண்ணிலேயே குவிந்து நின்றால் வேறுபாடு எங்கே தெரியும்? அதனினும் பெரிய குறை வேறு. எந்த மின்பணம், எத்தகைய உடன்படிக்கையுடன், யார் பொறுப்பில் என்று பிரித்துக் கேளாமல் மின்பணம் என்று பொதுவாகக் கேட்டால் பற்றுள்ளவர் என்ன விடை கூறுவார்? அவர் மனத்தில் இருக்கும் கேள்வியே வினாத்தாளில் இல்லை.

பள்ளிவாசல்களில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தோனேசிய மத்திய வங்கி 2019 ஆகஸ்ட் 17ஆம் நாள், அந்நாட்டின் சுதந்திர தினத்தில், கிரிஸ் என்னும் பொதுக் குறியீட்டை அறிமுகம் செய்தது. கருப்பும் வெள்ளையுமான சதுரக் கட்டங்கள் நிறைந்த அக்குறியீட்டைத் தொலைபேசியின் கண்முன் பிடித்தால் போதும். எந்த நிறுவனத்தின் பணப்பையிலிருந்தும் பணம் செல்லும். தருமப் பணிகளுக்குச் செலுத்தும் நன்கொடைக்குக் கட்டணம் பிடிக்கப்படுவதில்லை. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில், நோய் கடுமையாய்ப் பரவிய இடங்களில் ஜும்ஆத் தொழுகைக்குச் செல்லாமலிருக்க உலமா சபையே இடமளித்தது. மக்கள் வரவில்லையெனில் உண்டியல் நிறைவது எவ்வாறு? அக்காலத்திலேயே குறியீட்டின் வழியாக ஸதகாவும் ஸகாத்தும் செலுத்தும் வழக்கம் வலுப்பெற்றது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பதை நபிமொழி சிறப்பிக்கின்றது. பக்கத்திலிருப்பவர் காணாமல் தொலைபேசியால் ஈவது அதற்கு ஒருவகையில் ஏற்றது என்று கருதுவோரும் உண்டு. இயந்திரத்தின் ஏட்டில் அது அழியாமல் எழுதப்பட்டுவிடுகின்றது என்பது வேறு செய்தி.

ஆனால் 2023 ஏப்பிரலில், ரமழான் மாதத்தில், ஒரு தீங்கு வெளிப்பட்டது. ஜகார்த்தாவின் பல பள்ளிவாசல்களில் இருந்த குறியீடுகளின்மீதும் உண்டியல்களின்மீதும் ஒருவர் தம் சொந்தக் கணக்கின் குறியீட்டை ஒட்டிவைத்திருந்தார். அக்கணக்குக்குப் பள்ளிவாசல் புனரமைப்பு என்று பொருள்படும் பெயர் இட்டிருந்தார். தருமம் செய்தவர்க்குத் திரையில் அப்பெயரே தோன்றியது, ஐயம் எழவில்லை. கண்காணிப்புக் கமராவிற் பதிந்த காட்சி பரவியபின் பொலிசார் அவரைக் கைது செய்தனர். அதன்பின், செலுத்துமுன் பெறுபவர் பெயரைப் படித்துப் பார்க்குமாறும், ஒட்டப்பட்ட குறியீடுகளைப் பள்ளிவாசல் நிருவாகிகள் அடிக்கடி சோதிக்குமாறும் மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். மரத்தாற் செய்த உண்டியலுக்குப் பூட்டுப் போதும். கண்ணுக்குத் தெரியாத உண்டியலுக்கு வேறுவகைக் காவல் வேண்டியிருக்கின்றது.

வீண்விரயம் பற்றிய கவலையையும் விட்டுவிடலாகாது. தாளை எண்ணிக் கொடுக்கும்போது மனம் சிறிது உறுத்தும். விரலால் தொட்டுக் கொடுக்கும்போது அவ்வுறுத்தல் குறைகின்றது. பெசந்த்ரேன் எனப்படும் சமயப் பாடசாலைகள் சில இதற்கு ஒரு வழி கண்டுள்ளன. அங்கே தங்கிப் படிக்கும் மாணவரிடம் காசு இராது, அட்டையே இருக்கும். பெற்றோர் வீட்டிலிருந்து பணம் அனுப்புவர்; ஒரு நாளைக்கு இவ்வளவுக்குமேல் செலவிடலாகாது என்று வரம்பும் விதிக்கலாம். சிக்கனம் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் புதிய பொறி துணையாகிவிட்டது.

கடைசியாக ஆச்சே மாநிலத்தின் கதை. சுமாத்திராவின் வடகோடியிலுள்ள இம்மாநிலம் தனக்கென ஷரீஆச் சட்டங்களை இயற்றும் உரிமை பெற்றது. அங்கே இயங்கும் நிதி நிறுவனங்கள் யாவும் ஷரீஆ முறையைப் பின்பற்றல் வேண்டும் என்று 2018இல் சட்டம் செய்யப்பட்டது. மூன்றாண்டுத் தவணைக்குள் வட்டிமுறை வங்கிகள் வெளியேறின. 2021 பெப்ரவரியில் மூன்று அரசுசார் ஷரீஆ வங்கிகள் ஒன்றிணைந்து இந்தோனேசிய ஷரீஆ வங்கி உருவாயிற்று. ஆச்சே மக்களிற் பலர் அதனையே சார்ந்திருக்க நேர்ந்தது. பிற மாநிலங்களில் பற்றுள்ளவர் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார். இங்கே தேர்வுக்கு இடம் மிகக் குறைவு.

2023 மே 8ஆம் நாள் அவ்வங்கியின் சேவைகள் நின்றுபோயின. தொலைபேசிச் சேவையும் பணம் எடுக்கும் பொறிகளும் சில நாட்கள் சீராய் இயங்கவில்லை. இணையக் கொள்ளையர் கூட்டமொன்று அது தன் கைவரிசை என்று உரிமை கோரிற்று. நாடெங்கும் இவ்வங்கியின் வாடிக்கையாளர் தொல்லையுற்றனர். ஆனால் பிற இடத்தார்க்கு மாற்று வங்கி அடுத்த தெருவில் இருந்தது. ஆச்சேயில் வணிகர் சரக்குக்குப் பணம் அனுப்ப இயலாது தவித்தனர். கணக்கிற் பணமிருந்தும் கையிற் காசில்லாமற் பலர் நின்றனர்.

உடனே ஆச்சேயின் தலைவர்களிடையே, 2018ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி வட்டிமுறை வங்கிகளை மீண்டும் வரவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. சட்டத்திற் குறையில்லை, வங்கியின் பொறியமைப்பும் பாதுகாப்புமே குறையுடையன, அவற்றைச் செப்பஞ்செய்க என்றனர் மற்றையோர். ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கச் சொன்ன சட்டத்துக்குப் பொறுப்பில்லையா என்று கேட்டனர் வணிகர். வாதம் சூடாகவே நடந்தது. வங்கி எது, காவல் யாருடையது, பணம் தடைப்பட்ட நாட்களுக்கு யார் பொறுப்பு என்பனவே அதன் பொருள். அத்தனை பற்றுள்ள அந்த மாநிலத்திலும், தொலைபேசியாற் பணம் செலுத்துவது மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்வி அந்நாட்களில் பெரிதாக எழவில்லை.